புத்தளக் கரையில் உணவும் கள்ளும்

கடற்கரை ஊர் ஒன்றுக்குச் செல்லும் வழிப்போக்கன் முதலில் நாடுவது அவ்வூர் மீனை. அடுத்து வினவுவது அவ்வூரில் விளையும் மதுவை. இது உலகெங்கும் காணப்படும் வழக்கம். இலங்கைத் தீவின் வடமேற்குக் கரையும் இதற்கு விலக்கன்று. தெற்கே மகா ஓயா முதல் வடக்கே வில்பத்துக் காடு வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டத்துக் கரையில் மீனுக்குக் குறைவில்லை. நண்டுக்கும் இறாலுக்கும் குறைவில்லை. அவ்வுணவோடு சேர்த்து எண்ணப்படும் மது தென்னங்கள். ஆயினும் அயலூரிலிருந்து வருவோருட் பலர் அதனைச் சுவையாமலே திரும்பிச் செல்கின்றனர். சுவைத்தோருட் சிலர் புளித்த நீர் என்று கூறி முகஞ்சுளிக்கின்றனர். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. கள் நாழிகைக் கணக்கிற்குக் கட்டுப்பட்ட பொருள். அதன் நேரமறிந்து அணுகியவர்க்கே அதன் இயல்பு விளங்கும்.

ஏனைய நாட்டு மதுவோடு ஒப்பிட்டால் இவ்வுண்மை தெளிவாகும். ஈஜியன் கடலிலே துருக்கி நாட்டிற்குரிய பொஸ்ஜாடா என்னும் சிறு தீவு உண்டு. பண்டைக் கிரேக்கர் அதனைத் தெனெடொஸ் என்றனர். அங்கே காற்று வீசும் மணற்பாங்கான நிலத்தில் திராட்சைக் கொடிகள் செழிக்கின்றன. கோடையின் இறுதியில் பழத்தைக் கொய்து, பிழிந்து, நொதிக்கவிட்டுத் தொட்டிகளில் அடைக்கின்றனர். அம்மது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் முதிர்கின்றது; கப்பலேறிக் கடல் கடக்கின்றது. துறைமுகத்து உணவுச்சாலையில் மீனோடு பரிமாறப்படும் மது சென்ற ஆண்டின் மதுவாகவும் இருக்கலாம், அதற்கு முந்திய ஆண்டின் மதுவாகவும் இருக்கலாம். புத்தளக் கரையின் கள்ளோ காலையில் இனிக்கும்; நண்பகலில் வெறிக்கும்; மறுநாள் புளிக்கும். திராட்சை மதுவுக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறுவதுண்டு. கள்ளுக்கு வயது என்பது சில மணி நேரமே.

இக்கரையின் நிலவியல்பை அறிந்தால் கள் இங்கு விளைவதன் காரணம் புலப்படும். புத்தளம், குருநாகல், கம்பகா ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்று வழங்குவர். இலங்கையின் தேங்காய் விளைவில் பெரும்பகுதி இம்முக்கோணத்திலிருந்தே கிடைக்கின்றது. வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டிய, மாதம்பை, சிலாபம் என்னும் ஊர்களின் வழியே வடக்கு நோக்கிச் செல்பவருக்குப் பாதையின் இருமருங்கும் தென்னந்தோப்புகளே காட்சியளிக்கும். இத்தென்னையை ஆராய்வதற்கென 1929 இல் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சித் திட்டத்தின் வழிவந்த தென்னை ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்து லுணுவில என்னும் ஊரிலேயே அமைந்துள்ளது. முந்தலைத் தாண்டிப் புத்தளத்தை அணுக அணுக மழை குறையும், உப்பளங்கள் தோன்றும், பனையும் இடையிடையே தலைகாட்டும். கற்பிட்டி மூவலந்தீவு ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக மணலில் நீண்டு கிடக்கின்றது.

இக்கரைக்கு 1344 ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பதூதா வந்து இறங்கினார். அவர் பத்தாலா என்று குறித்த ஊர் புத்தளமே என்பது அறிஞர் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, பின்னர்ப் பாவாத மலையைத் தரிசிக்கச் சென்றார். அவருடைய பயண நூலில், அரபு நாட்டுக் கரையிலுள்ள சுபார் என்னும் இடத்தைப்பற்றிக் கூறுமிடத்து, தென்னையின் இளங்குலையைச் சீவிக் கலயம் கட்டிக் காலையும் மாலையும் சாறெடுத்துக் காய்ச்சும் முறை விளக்கமாக எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் விவரித்த அம்முறைக்கும் இன்று மாரவிலவில் ஒரு தொழிலாளி கையாளும் முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அம்முறை வருமாறு. தென்னையில் ஏறத்தாழத் திங்களுக்கு ஒரு பாளை தோன்றும். விரியாத பாளையைத் தேர்ந்து, அது வெடித்துவிடாதவாறு நாரினால் இறுகச் சுற்றிக் கட்டுவர். பின்னர்ச் சிறு பொல்லினால் நாள்தோறும் மெல்லத் தட்டுவர். நுனியைக் கூரிய கத்தியாற் சீவுவர். அடி பலமாக விழுந்தால் பாளை கன்றிப்போகும்; மென்மையாக விழுந்தால் சாறு இறங்காது. கைப்பக்குவமே இத்தொழிலின் முழு இரகசியம். சில நாட்களில் சாறு துளிக்கத் தொடங்கியதும் பாளையைச் சற்று வளைத்து முட்டியைக் கட்டுவர். அதன்பின் காலையும் மாலையும் மரமேறிச் சாற்றை இறக்கி, நுனியை மீண்டும் மெல்லிதாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெட்டுவாய் உலர்ந்து ஊற்று அடைபடும். நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை தரும். மழையானாலும் காற்றானாலும், திருநாளானாலும் துக்க நாளானாலும், மரம் காத்திருக்காது. களுத்துறைப் பகுதியில் ஒரு மரத்தின் முடியிலிருந்து மற்றொரு மரத்தின் முடிக்குத் தும்புக் கயிறுகளைக் கட்டி, கீழ்க்கயிற்றில் கால்வைத்து மேற்கயிற்றைக் கையாற் பற்றி வானத்திலே நடந்து செல்லும் காட்சியும் உண்டு.

மரத்திலிருந்து துளிக்கும்போது இச்சாறு தெளிந்தது, இனியது, வெறி சிறிதும் இல்லாதது. நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு வெல்லச் சத்து அதில் உண்டு. ஆயின் காற்றிலும் முட்டியிலும் பாளையிலும் வாழும் மதுவம் என்னும் நுண்ணுயிர் உடனே தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது. அது வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடும். சாறு பால்போல் வெளிறும், நுரைக்கும். சில மணி நேரத்துள் மதுசாரம் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்காக உயரும். அதன்பின் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்றத் தொடங்கும், கள் வினாகிரியாகும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இவ்வினை தாமதப்படும். அப்போது கிடைப்பது வெறியற்ற கருப்பணி. அதைக் காய்ச்சினால் பாணியும், மேலுங் காய்ச்சினால் கருப்பட்டியும் கிடைக்கும். ஒரு கிலோக் கருப்பட்டிக்கு ஏறத்தாழ ஏழு லீற்றர் சாறு வேண்டும். ஒரே பாளையின் நீர் குழந்தைக்கு இனிப்பாகவும், உழைப்பாளிக்கு மதுவாகவும், சமையலறைக்குப் புளிப்பாகவும் அமைவது இவ்வாறே.

இக்கரையில் உணவுக்கடையை நாடுவோர் இந்த வரிசையை மனத்திற் கொள்வது நன்று. முதலாவது, அப்பம். தீட்டிய அரிசியை ஊறவைத்து இடித்த மாவிலே ஓரகப்பைக் கள்ளை விட்டு இரவு முழுவதும் வைத்தால், மறுநாள் மாப் பொங்கி நிற்கும். கள்ளிலுள்ள மதுவம் உண்டாக்கிய வாயுவே மாவைப் பொங்கச் செய்கின்றது. தேங்காய்ப் பாலைச் சேர்த்துக் குழிந்த தாச்சியில் ஊற்றிச் சுழற்றும்போது, அவ்வாயு அடங்கிய நுண்ணிய குமிழிகளே அப்பத்தின் நடுவைப் பஞ்சுபோல் ஆக்குகின்றன; ஓரம் மெல்லிய சருகுபோல் முறுகுகின்றது. வெறி அடுப்பின் சூட்டிலே பறந்துவிடும். எஞ்சுவது இலேசான புளிப்பும் மணமுமே. இந்நாளில் பெரும்பாலான கடைகள் பொதியில் வரும் ஈஸ்ட்டையே பயன்படுத்துகின்றன. இரண்டையும் ஒருங்கே உண்டு பார்த்தவர் வேறுபாட்டை நாவினால் அறிவர்.

இரண்டாவது, வினாகிரி. கள்ளைக் கலங்களில் ஊற்றிப் பல வாரங்கள் புளிக்கவிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு அமிலமுள்ள தென்னை வினாகிரி கிடைக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் அச்சாறு இவ்வினாகிரியிலேதான் சுவை பெறுகின்றது. கடைகளில் நிறமற்ற மலிவான வினாகிரியும் விற்கப்படுகின்றது. அது அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து ஆக்கப்படுவது. அதில் காரம் உண்டு, மணம் இல்லை.

மூன்றாவதே கள்ளாகக் கள்ளைப் பருகும் இடம். தவறணை என்று வழங்கும் கள்ளுக்கடை பெரும்பாலும் எளிய கட்டடம். சில வாங்குகள், ஒரு பீப்பாய், அளக்கும் குவளை ஆகியனவே அதன் தளபாடம். சாராயக் கடைக்கு உரிமம் வேறு, தவறணைக்கு உரிமம் வேறு. பூரணை நாளாகிய போயா தினத்தில் நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும் என்பதை நேயர்கள் அறிவர். கள்ளோடு உண்பதற்குப் பொரித்த மீனும், மிளகாயிட்டுப் பிரட்டிய கணவாயும், அவித்த மரவள்ளிக் கிழங்கும், அதற்குக் கட்டைச் சம்பலும் வழங்குவதுண்டு. கள்ளின் இனிப்பும் புளிப்பும் மிளகாயின் காரத்தைத் தணிக்கும்; காரம் கள்ளின் மந்தத்தைப் போக்கும். முற்பகலில் அருந்துபவருக்கு இனிப்பு மிகுந்திருக்கும். பிற்பகலில் வருபவருக்குப் புளிப்பும் வெறியும் மிகுந்திருக்கும். ஒரே பீப்பாயிலிருந்து இருவரும் பருகினாலும் இருவரும் பருகியது ஒரே மது அன்று.

வடக்கே புத்தள நகரை அடைந்ததும் உணவு மேசையின் தோற்றம் மாறும். முசுலிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் அந்நகரில் மது மேசைக்கு வருவதில்லை. அதன் இடத்தைத் தேநீர் வகிக்கின்றது. திருமணம் முதலிய விருந்துகளில் சகன் எனப்படும் பெருந்தட்டில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து, சிலர் வட்டமாய் அமர்ந்து ஒரே தட்டில் உண்பர். களப்பு இறாலும் நண்டும் தேங்காய்ப் பாலில் ஆணமாக வரும். இங்கே அப்பமாவைப் பொங்கச் செய்யக் கள் வேண்டியதில்லை. ஈஸ்ட்டோ புளித்த தேங்காய்நீரோ அவ்வேலையைச் செய்யும். இசுலாமிய மரபில் வினாகிரி விலக்கப்பட்ட பொருளன்று. கருப்பட்டிக்கும் தடை இல்லை. எனவே வெறியாக ஏற்றுக்கொள்ளப்படாத அதே பாளையின் சாறு, புளிப்பாகவும் இனிப்பாகவும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. தெற்கே கத்தோலிக்கரும் பௌத்தரும், சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திலும் உடப்பிலும் சைவரும், வடக்கே முசுலிம்களும் வாழும் இக்கரையில் எல்லாருடைய அடுப்பிலும் தென்னைக்கு இடமுண்டு. எல்லாருடைய குவளையிலும் கள்ளுக்கு இடமில்லை.

கள்ளைக் காலத்தின் பிடியிலிருந்து விடுவிக்க மனிதன் கண்ட வழி வடிப்பு. கள்ளைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்தாற் கிடைப்பது சாராயம். வியர்வையைக் குறிக்கும் அரக் என்னும் அரபுச் சொல்லிலிருந்து அராக்கு என்னும் பெயர் வந்தது என்பர். துருக்கியர் தம் மதுவுக்கு இட்ட ராக்கி என்னும் பெயரும் அச்சொல்லின் வழிப்பட்டதே. கலத்தின் வெளிப்புறத்தில் துளிகள் வியர்வைபோல் அரும்புவதே அப்பெயரின் பொருத்தம். இலங்கையில் இது ஹல்மில்ல மரத்தாலான பெருந்தொட்டிகளில் முதிரவைக்கப்படுகின்றது. கள் பயணஞ் செய்ய இயலாதது. சாராயம் எங்கும் செல்லக்கூடியது. செல்லக்கூடிய பொருளுக்கு வரி விதிப்பதும் எளிது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் பெரிய வருவாய்களுள் ஒன்றாயிருந்தது.

1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளையும் அரசாங்கத்தின் நேர்க் கண்காணிப்புக்குள் கொணர்ந்தது. அதன் விளைவாகத் தவறணைகள் ஏராளமாகத் திறக்கப்பட்டன. அதை எதிர்த்து நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. பின்னாளில் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா, அவருடைய தமையனார் எஃப். ஆர். சேனநாயக்கா ஆகியோர் பொதுவாழ்வில் முன்னிலைக்கு வந்தது அவ்வியக்கத்தின் மூலமே. தமிழ் மக்களுக்கு இக்கருத்துப் புதியதன்று. சங்கப் புலவர் கள்ளைப் பாடினர். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்தார். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகளும் மதுவிலக்கையே வற்புறுத்தினார். ஆயினும் பனை, தென்னை மரங்களின் இனிய சாற்றையும் கருப்பட்டியையும் அவர் வெறுத்தாரல்லர். அவற்றைக் கிராமத் தொழிலாக வளர்க்கவே விரும்பினார். மரத்தையும் வெறியையும் வேறு பிரித்துப் பார்த்த அப்பார்வை இன்றும் பயனுடையது.

மது கெடுத்த குடும்பங்கள் கடற்கரையிலும் உண்டு. அன்றன்று கிடைக்கும் கூலியை அன்றன்றே தவறணையில் விட்டு வீடு திரும்பும் கடற்றொழிலாளியின் மனைவிக்குக் கள்ளின் சுவைநலம் பேசுவது கொடுமையாகும். இதை மறைத்துக் கள்ளைப் புகழ்வது நேர்மையன்று. அதேவேளை, தவறணையை மூடிவிட்டால் வெறி ஒழிந்துவிடும் என்று கருதுவதும் பிழை. கள்ளின் இடத்தை அதைவிடப் பல மடங்கு வலிமை வாய்ந்த சாராயமும், சட்டத்திற்கு மறைவாக வடிக்கும் கசிப்பும் பிடித்துக்கொள்ளும்.

இன்று கள்ளுக்கு நேர்ந்துள்ள இடர் மூவகைப்பட்டது. முதலாவது, போலிக் கள். சீனியையும் ஈஸ்ட்டையும் நீரிற் கலந்து, உரமாகப் பயன்படும் இரசாயனங்களையும் சேர்த்து ஆக்கும் பானத்தைக் கள் என்று விற்போர் உளர். மதுவரி அதிகாரிகள் அத்தகைய சரக்கைக் கைப்பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. அது புளிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை; மரமேறவும் வேண்டியதில்லை. இரண்டாவது, தேங்காயின் விலை. பாளையைச் சீவினால் அக்குலையில் காய் இல்லை. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் விளைவு குறைந்து தேங்காய் விலை ஏறியபோது, ஒவ்வொரு பாளையும் காயாவதா கள்ளாவதா என்னும் கேள்வி கூர்மையடைந்தது. மூன்றாவதே மிகப் பெரியது: மரமேறுவோர் அருகி வருகின்றனர். தவறி விழுந்தால் உயிர் போகும், அல்லது முதுகெலும்பு முறியும். பல தமிழூர்களில் இத்தொழிலைச் சாதியின் பெயரால் இழித்துரைத்த வரலாறும் உண்டு. இந்நிலையில் ஒரு தந்தை தன் மகனை மரத்தடிக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புவதைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆகவே கள்ளை மட்டும் காக்க வேண்டும் என்று பேசுவது பாதிப் பேச்சே. ஏறுபவனுக்குப் பாதுகாப்பும், விபத்துக் காப்புறுதியும், உழைப்புக்கேற்ற விலையும், சமுதாயத்தில் மதிப்பும் கிடைத்தாலன்றி இத்தொழில் நிலையாது. கள்ளைப் புட்டியில் அடைத்துச் சூடேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் முயற்சி நடைபெறுகின்றது. சுண்ணாம்பின்றிக் குளிர்ப்பதனத்தால் கருப்பணியை இனிப்பாகவே காக்கும் முறைகளும் உள்ளன. இவற்றால் வெறியை நாடாதவரும் தென்னஞ்சாற்றின் பயனைப் பெறுவர். தொழிலாளிக்கும் தவறணையைத் தவிர வேறு சந்தை திறக்கும். புட்டியில் அடைத்த கள் நல்ல பானமே. ஆயினும் மரத்தடியில் நுரைக்கும் கள்ளின் சுவை அதில் வராது.

புத்தளக் கரைக்குச் செல்வோர் உணவுக்கடையில் அமர்ந்ததும் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. அப்பமா எதனால் பொங்கியது? அச்சாற்றில் ஊற்றியது தென்னை வினாகிரியா? கள் எந்தத் தோப்பில், இன்று எந்நேரம் இறக்கப்பட்டது? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்கும் கடையில் உண்பது நலம். மது அருந்தாதவரும் முதலிரு கேள்விகளைக் கேட்கலாம். கேட்போர் பெருகினால் மெய்யான சாற்றுக்கு விலை பெருகும். அவ்விலையில் ஒரு பங்காவது, விடியற்காலையில் கத்தியை இடையிற் செருகிக்கொண்டு மரமேறுபவனுடைய கையைச் சென்றடையும்.